வளையல் கழன்றதற்கு நான் சொன்ன பொருள்

கண்ணு,

நலமா என்று கேட்டுக் கடிதத்தைத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். முந்தாநாள் போனில் பேசும்போது உன் குரலிலேயே மாப்பிள்ளைக் களை தெரிந்தது. ஓசூரில் கம்பெனியில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்துவிட்டதையும், அறையில் கூட இருக்கும் பையன்கள் உன்னைப் படுத்துகிற பாட்டையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சமையற்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வாரம் உனக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். இதை வளைத்து வளைத்து எழுதி கடைசியில் சொல்லலாம் என்றுதான் முதலில் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், பாதியில் சிக்னல் போய்விடும். மீதிப் பாதியை நீயாகக் கற்பனை செய்துகொண்டு ராத்திரியெல்லாம் தூங்க மாட்டாய். அதனால் பொறுமையாகப் படி. நித்யாமேல் யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை. உன்மேலும் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

தப்பு எங்கே நடந்தது என்றால், என்னிடத்தில்தான் நடந்தது. அதுவும் தமிழ் டீச்சர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நீ ஏழாவது படிக்கும்போது இந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் ஒரு நாடகம் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் எழுதிய நாடகம். நாட்டை இழந்த ராஜா வேஷம் உனக்கு. முதல் வசனத்தைக் கணீரென்று சொன்னாய், அடுத்தது வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து நான் தொண்டை கிழிய எடுத்துக் கொடுத்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை இறுக்கி, பல்லைக் கடித்து, கண்ணில் நீர் முட்ட அப்படியே நின்றாய். கீழே உட்கார்ந்திருந்த நம் மலைச் சனம், பெரக்கரை நாடு முழுக்க, மூச்சு விடவில்லை. பிறகு ஒருவர் எழுந்து கைதட்ட, கூட்டமே தட்டியது. ராஜாவின் துக்கத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டான் என்று ஆளாளுக்கு உன் கன்னத்தைக் கிள்ளினார்கள். நானும் பூரித்துத்தான் போனேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் நீ சொன்னாய்: "எனக்கு ஒண்ணுக்கு வந்துருச்சும்மா. வாயத் தொறந்தா போயிருமாட்ட இருந்துச்சு."

மனத்தில் இருப்பது உடம்பில் தெரிவதற்கு மெய்ப்பாடு என்று பெயர். நாடகத்துக்கும் பாட்டுக்கும் அது பொது. நகை, அழுகை, அச்சம், பெருமிதம் என்று எட்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் அதைப் பாடம் நடத்துகிறேன். உடம்பு பொய் சொல்லாது, பாட்டில் வரும் பெண்ணின் நெற்றியைப் பார், தோளைப் பார், கையைப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். உடம்பு பொய் சொல்லாது என்பது சரிதான். ஆனால் பார்க்கிறவர்கள் அவரவருக்கு வேண்டியதை அதில் படித்துக்கொள்வார்கள் என்று ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. உன் நாடகத்தன்றே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

நிச்சயம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, முகூர்த்தப் புடவையைக் காட்டுவதற்காக நானும் உங்கப்பாவும் காளப்பநாயக்கன்பட்டிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனோம். அவர்கள் சொந்தக்காரப் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நித்யா தட்டில் டீ கொண்டுவந்தாள். எனக்குக் கொடுக்கக் குனிந்தபோது, நிச்சயத்தன்று நாம் போட்ட வளையல் மணிக்கட்டைத் தாண்டி இறங்கி, கையை விட்டே கழன்று விழுந்து, கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. அன்றைக்குப் போடும்போது சோப்பு நுரை போட்டு ஏற்றிய வளையல் அது. வேறு யாராக இருந்தாலும், என்ன இந்தப் பெண் இப்படி இளைத்திருக்கிறாள் என்று கேட்டிருப்பார்கள். எனக்கோ வாய் அரித்தது. பழைய பாட்டுகளில் காதலனைப் பிரிந்த பெண்ணுக்கு முதலில் கழல்வது வளையல்தானே! "ஏனுங்க, இங்க பாருங்க! எம்பையன் ஓசூருல உக்காந்துக்கிட்டு இருக்கறான், இங்க வளையலு நிக்க மாட்டேங்குது!" என்று கையைத் தட்டிச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். விட்டேனா? தலைவனைப் பிரிந்த தலைவிக்கு என்னென்ன ஆகும் என்று அங்கேயே ஒரு பாடம் நடத்தினேன். "டீச்சரம்மா சொன்னாச் செரியாத்தான் இருக்குமுங்க," என்றார் அவள் அம்மா. நித்யாவும் சிரித்தாள். அதையும் வெட்கம் என்று நானே கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்து சொன்னேன். "மறுபடி சொல்லும்மா," என்று கேட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாய். 

போன வாரம் ஜாக்கெட் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டதால் நான் மட்டும் பஸ் ஏறிக் கீழே இறங்கினேன். தையல்கடைக்கு நித்யாவும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். சின்னக் கடை. ஒரு மிஷின், ஒரு பெஞ்சு, போட்டுப் பார்ப்பதற்கு மூலையில் ஒரு திரை. தைக்கிற அம்மாவுக்கு என் வயது இருக்கும். நித்யாவின் தோளில் ஜாக்கெட்டை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏனுங்க டீச்சர், நிச்சயத்தப்ப எடுத்த அளவுங்க இது. இப்பப் பாருங்க, எவ்வளவு தொளதொளங்குது. இந்தப் புள்ள சோறு திங்குதுங்களா இல்லீங்களா?" என்று கேட்டார். "கல்யாணப் பொண்ணுன்னா அப்படித்தானுங்க," என்றார் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா. வளையல் பாடத்தை மறுபடியும் எடுக்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நித்யா, "அத்தை, பின்னாடி ஊக்கு மாட்டி உடறீங்களா?" என்று என் கையைப் பிடித்துத் திரைக்குள் இழுத்துக்கொண்டாள். வெளியே மிஷின் ஓடத் தொடங்கியது.

உள்ளே வந்ததும் அவள் அத்தை என்று கூப்பிடவில்லை. "டீச்சர், வளையலு கழண்டு உழுகறத நீங்கதானுங்க மொதல்ல கண்டுபுடிச்சீங்க. எங்கம்மாவுக்குக் கூடத் தெரியல. ஏன்னு மட்டுந்தான் தப்பாச் சொல்லிட்டீங்க," என்றாள். குரல் எனக்கே பாதிதான் கேட்டது. என்ன கண்ணு சொல்கிறாய் என்றேன். "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்க," என்றாள். உன்னைப் பெற்றவளாகத்தான் முதலில் கேட்டேன்: "எம்பையன் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டானா?" "இல்லீங்க. அவுரு நல்லவருதானுங்க. நல்லவரா இருந்தா வேண்டாம்னு சொல்லக் கூடாதுங்களா?" அடுத்த கேள்வி என் வாயில் வருவதற்கு முன்பே அவள் கண்டுபிடித்துவிட்டாள். "வேற ஆரும் இல்லீங்க. எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. வேற ஆராச்சும் இருந்தாத்தான் வேண்டாம்கறது செல்லுமுங்களா?"

நிச்சயத்துக்கு முன்னாலேயே அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் கையை ஓங்கியதோடு நிற்கவில்லை, அடி இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஜாக்கெட்டின் கை மறைக்கிற இடத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஆறிவருகிற கன்றிய காயத்தை நான் பார்த்தேன். சேந்தமங்கலத்தில் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாளே, அதை நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் வரப்போகிறது, அதனால் நின்றுவிட்டாள் என்று நமக்குச் சொன்னார்கள். பெண்ணை வீட்டுக்குள்ளேயே வைத்துக் காவல் காப்பதற்குப் பாட்டில் இற்செறிப்பு என்று ஒரு துறையே இருக்கிறது. அதற்கு நான் மதிப்பெண் கூடப் போட்டிருக்கிறேன். கண்ணெதிரே நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. "நான் சொன்னேன்னு எங்க ஊட்ல சொல்லிராதீங்க டீச்சர், கொன்னுபோடுவாங்க," என்றாள். நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்கிற வார்த்தைதான் அது. அவள் பேச்சுக்குச் சொல்லவில்லை. அப்போது வெளியே அவள் அம்மா, "என்னடி இன்னும் பண்ற?" என்று எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. "கொக்கி சிக்கிக்கிச்சுங்க, உக்காருங்க, இப்ப வந்துரும்," என்றார் தைக்கிற அம்மா. மிஷின் இன்னும் வேகமாக ஓடியது. திரை இடுக்கில் பார்த்தேன். ஊசி மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறது, அடியில் துணியே இல்லை.

இனிமேல் நான் சொல்லப்போவதுதான் உனக்கு வலிக்கும். ஒரு பாட்டைக் கையில் எடுத்தால் அது என்ன சொல்கிறது என்று முதலில் கேட்காதே, யார் சொல்கிறார்கள் என்று கேள் என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கூற்று என்று பெயர். ஒரே வரியைத் தலைவி சொன்னால் ஒரு பொருள், தோழி சொன்னால் ஒரு பொருள், பெற்றவள் சொன்னால் வேறொரு பொருள். "சோறு வேணுமான்னு கேட்டாக்கூட யார் கூற்றுன்னு கேப்பியாம்மா?" என்று என்னைக் கிண்டல் செய்வாய். இப்போது கேட்கத்தான் வேண்டும், சாமி. உனக்குத் தினமும் வருகிற மெசேஜ் எல்லாம் நித்யாவின் கூற்று இல்லை. நிச்சயத்திலிருந்து அவள் போன் அவளிடம் இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்பதும், நேரத்துக்குத் தூங்குங்கள் என்பதும், பூப் படம் அனுப்புவதும் அவள் அண்ணி. நீ போன் செய்தால் மட்டும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார்களாம். "ரொம்பப் பேச மாட்டேங்கறாம்மா, கூச்சம்," என்று நீ என்னிடம் பெருமையாகச் சொன்னாய். கூச்சம் இல்லை. பக்கத்தில் ஆள் நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் உங்கப்பாவிடம் சொன்னேன். அவரும் நித்யாவின் அப்பாவும் கொத்து வேலை பழகிய நாளிலிருந்து ஒரே சாரத்தில் நின்று செங்கல் அடுக்கியவர்கள். இந்தச் சம்பந்தம் அவர்கள் இருவரும் பேசி முடித்ததுதான். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் கடுகடுவென்று ஆனது. "அந்தப் புள்ள பயந்துபோயி என்னமோ சொல்லியிருக்கும். கல்யாணம்னா எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான். ஏன், நீ அழுகலியா?" என்றார். "நான் அழுதது எங்கம்மாவ உட்டுட்டு வாரமேன்னுங்க. அவ அழுகவே இல்லீங்க, அதான் எனக்குப் பயமா இருக்குது," என்றேன். "பத்திரிகை ஊரெல்லாம் போயிருச்சு. நான் அவம் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று கத்தினார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "வேண்டாம்னு சொன்ன புள்ள மூஞ்சில எம்பையன் காலம்பூரா முழிக்கோணுமே, அதுக்கு என்ன பண்றதுங்க?" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு தடவை பேச்சை எடுத்தேன், இரண்டு தடவையும் எழுந்து போய்விட்டார். இப்போது எங்களுக்குள் பந்திக்கு எத்தனை இலை, மலை இறங்க எத்தனை வேன் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

மேடையில் நிற்கிறவனுக்குத் தெரியாத ஒன்று, கீழே உட்கார்ந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அதை நாடக முரண் என்போம். அவன் சிரிக்கச் சிரிக்கப் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். பாடம் நடத்தும்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. இப்போது அவள் அம்மாவுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், தைக்கிற அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் உங்கப்பாவுக்கும் தெரியும். மேடையில் மாலை போட்டுக்கொண்டு நிற்கப்போகிற உனக்கு மட்டும் தெரியாது. உன்னை அப்படி நிற்கவைத்துப் பார்க்க என்னால் முடியாது. நீ என்னை வெறுத்தாலும் பரவாயில்லை என்று இதை எழுதுவது அதனால்தான்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் முடிவு செய்துவிடாதே. ஒரு தடவை தப்பாகப் பொருள் சொன்னவள் நான், என்னை நம்பி இன்னொரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜாக்கெட் வாங்க அவள் தையல்கடைக்கு வரும்போது நீயே போய் அவளைக் கேள், தைக்கிற அம்மா ஒரு நிமிஷம் ஒதுக்கித் தருவார். கேட்கும்போது, என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்காதே. அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் இந்தக் கல்யாணத்தை நிறுத்தட்டுமா என்று கேள். தலையை அசைத்தாலே போதும். அவள் வேண்டாம் என்றால், அந்த வார்த்தை அங்கிருந்து உன் வாய்க்கு வந்துவிட வேண்டும். அதை நீ உன் கூற்றாகச் சொல்ல வேண்டும். அவள் சொன்னதாக ஓர் எழுத்துகூட வெளியே போகக் கூடாது. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவள் அப்பாவின் எதிரில் நின்று சொல். ஏன் என்பார்கள். மனம் ஒப்பவில்லை என்று சொல். நகை பத்தவில்லை, அதனால் கழற்றிக்கொண்டோம் என்பார்கள். ஓசூரில் உனக்கு எவளோ இருக்கிறாள் என்பார்கள். என்னைப் பற்றியும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பேசுவார்கள். பேசட்டும். நம்மைத் திட்டுகிற வரைக்கும் அவளைத் திட்ட மாட்டார்கள். அதற்குப் பிறகும் அவள்மேல் எவனாவது கை வைத்தால் நானே போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவேன், அது என் பொறுப்பு.

உனக்கு அவளை மிகவும் பிடித்திருக்கிறது. அது எனக்குத் தெரியும். நிச்சயத்தன்று எடுத்த படத்தை நீ போனில் வைத்திருப்பதும் தெரியும். அழு. உன் வயதில் ஆண்பிள்ளை அழக் கூடாது என்று எவனாவது சொன்னால் கேட்காதே. ஆனால் உன்னை வேண்டாம் என்று சொன்னவள் என்று அவள்மேல் கோபப்படாதே. அவள் உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவளை யாரும் கேட்காமல் முடித்ததைத்தான் வேண்டாம் என்கிறாள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குப் புரியும் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. நீ தனியாகப் போய் நின்றால் அந்த அண்ணன்காரன் சந்தேகப்படுவான், இவள்தான் ஏதோ ஓதிவிட்டாள் என்று உள்ளே போய் அவளைப் பிடித்துக்கொள்வான். உங்கப்பா உன் பக்கத்தில் நின்று, என் பையன்மேல்தான் தப்பு, நான் தலைகுனிகிறேன் என்று சொன்னால்தான் பழி நம் பக்கமே நிற்கும். அவள் அப்பா இந்த உலகத்தில் நம்புகிற வாய் அது ஒன்றுதான்.

அதனால் இன்னும் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பழைய பாட்டுகளில் காதலன் வேலிக்கு வெளியே வந்து நிற்பான். தோழிக்கு அவன் நிற்பது தெரியும். அவனைப் பார்த்துப் பேச மாட்டாள், பக்கத்திலிருக்கிற தலைவியிடம் பேசுகிற மாதிரி பேசுவாள். பேச்சு முழுக்க அவன் காதுக்குத்தான். அதைச் சிறைப்புறம் என்பார்கள். இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவருகிறவர் உங்கப்பா. நாளைக் காலையில் உன் பட்டு வேட்டி சட்டையை எடுத்துக்கொண்டு ஓசூருக்குக் கிளம்புகிறார். அந்தப் பையில்தான் இதை வைக்கப்போகிறேன். உறையை ஒட்டவில்லை. வீட்டில் பசை இல்லாமல் இல்லை. என் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தாலும் படிக்காமல் விடுகிற மனிதர் இல்லை அவர். மலை இறங்கிக் காரவள்ளியில் பஸ் டீக்கு நிற்கும்போது கண்ணாடியை மாட்டுவார். இதுவரை எழுதியதும் உனக்குத்தான். இனிமேல் எழுதுவது அவருக்கு. நீ வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்.

ஏனுங்க, நாந்தான். உங்ககிட்ட எழுத்துத் தமிழ்ல பேசுனா எனக்கே நாடகமாட்ட இருக்கும், அதனால பேசற மாதிரியே எழுதறேன். ஊட்ல பேச்ச எடுத்தா எந்திரிச்சுப் போயிடறீங்க. இப்ப எங்க போவீங்க? உங்க சிநேகிதத்த நான் லேசா நெனைக்கலீங்க. அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு பொய் சொல்றது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். நமக்கு ஒரு பொம்பளப் புள்ள இருந்து, அது இப்படி எளைச்சுப் போயி, சொல்ல ஆளில்லாம நின்னா, அவரு இந்தப் பொய்ய நமக்காகச் சொல்ல மாட்டாரான்னு மட்டும் ஒருக்கா நெனச்சுப் பாருங்க. காரவள்ளியில ரெண்டு பக்கத்து பஸ்ஸும் நிக்குமுங்க. மேல வார பஸ்ஸுல ஏறுனீங்கன்னா ஊட்டுக்கு வந்து என்னயத் திட்டலாம், இதக் கிழிச்சு அடுப்புல போடலாம், அடுத்த வாரம் அந்தப் புள்ள கழுத்துல தாலி ஏறிரும். கீழ போற பஸ்ஸுலயே உக்காந்தீங்கன்னா நம்ம பையன் அழுவான், உங்க சிநேகிதரு உங்ககூடப் பேச மாட்டாரு, ஊரே நம்மளக் காறித் துப்பும். நல்லதா ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க. டீயக் குடிச்சுப்போட்டு, கீழயே போங்க.